மூன்றாம் வகுப்பில் வரும் 'கிஃப்டட்' கடிதம்: ரொறொன்ரோவுக்குப் புதிதாக வந்த பெற்றோருக்கு

ரொறொன்ரோவுக்கு வந்து, வீடு எடுத்து, பிள்ளையைப் பக்கத்துப் பாடசாலையில் சேர்த்து ஒரு குளிர்காலம் கழிவதற்குள் 'கிஃப்டட்' என்ற பேச்சு, அதாவது அதிதிறமையுள்ள பிள்ளைகளைச் சோதித்துக் கண்டுபிடித்து வேறு விதமாகச் சொல்லிக்கொடுக்கும் ஏற்பாடு பற்றிய பேச்சு, உங்கள் காதில் விழுந்துவிடும். ஸ்காபரோவில் ஏதாவது ஒரு பிறந்தநாள் விழாவில் சாப்பாட்டுத் தட்டோடு நிற்கும்போது யாராவது ஒரு அக்கா கேட்பார்: "உங்கட மகள் கிரேட் மூன்றெல்லோ? கிஃப்டட் எக்ஸாமுக்கு எங்க விடுறீங்கள்?"

எங்கேயும் விடத் தேவையில்லை. இதைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் புதிதாக வந்த குடும்பங்கள் காசையும் பிள்ளையின் சனிக்கிழமைகளையும் அதிகம் இழப்பது இந்த இடத்தில்தான். அதே பெற்றோர், உண்மையில் தாங்கள் செய்ய வேண்டிய வேலையை, அதாவது படிவத்தில் கையெழுத்து வைப்பது, கூட்டத்துக்குப் போவது, கேள்வி கேட்பது, கெடுத் தேதியைப் பார்ப்பது ஆகியவற்றைத் தவற விட்டுவிடுகிறார்கள். இந்த வழிகாட்டி அந்த வேலையைப் பற்றியது.

நான் எழுதுவது பெரும்பாலும் ரொறொன்ரோ மாவட்ட கல்விச் சபையை வைத்து. பீல், யோர்க், டர்ஹம் சபைகளும் கத்தோலிக்கச் சபைகளும் தங்கள் தங்கள் முறையில் நடத்துகின்றன. எந்த வகுப்பில் சோதிக்கிறார்கள், எந்த வகுப்பில் தனி வகுப்பு தொடங்குகிறது என்பதெல்லாம் சபைக்குச் சபை மாறும். ஆனால் பெற்றோரின் உரிமைகள் மாகாணச் சட்டத்தில் இருப்பவை. ஒன்ராறியோவில் எந்த அரச சபைக்குப் போனாலும் அவை உங்களோடு வரும்.

புலமைப்பரிசில் பரீட்சை மாதிரி நினைக்க வேண்டாம்

இலங்கையிலிருந்து வந்தவர்களுக்கு ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் பரீட்சை மனதில் இருக்கும். வெட்டுப்புள்ளி, மாவட்டம், நல்ல பாடசாலை, பத்திரிகையில் படம். தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்களுக்கு நுழைவுத் தேர்வுகள். எங்கள் ஊர்களில் இப்படி ஒரு தேர்வு என்றால் பாடத்தைக் கரைத்துக் குடித்தவர் முன்னுக்கு வருவார், அந்த ஒரு நாளில் பாதி வாழ்க்கை தீர்மானமாகிவிடும்.

ஒன்ராறியோவில் கிஃப்டட் என்பது சட்டப்படி சிறப்புக் கல்வியின் கீழ் வருகிறது. மாகாணக் கல்விச் சட்டம் சிறப்புக் கல்வி தேவைப்படும் பிள்ளைகளை ஐந்து பெரும் பிரிவாகப் பார்க்கிறது: நடத்தை, தொடர்பாடல், அறிவுத்திறன், உடல், இவற்றில் ஒன்றுக்கு மேற்பட்டவை. கிஃப்டட் என்பது அறிவுத்திறன் பிரிவில் ஒன்று. அதே பிரிவில்தான் அறிவு வளர்ச்சியில் பின்தங்கும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். கடிதத்தின் தலைப்பில் 'ஸ்பெஷல் எஜுகேஷன்' என்று பார்த்துப் பயந்துபோய், "என்ர பிள்ளைக்கு ஒரு குறையும் இல்லை" என்று படிவத்தைத் திருப்பி அனுப்பிய பெற்றோரை எனக்குத் தெரியும். அந்தப் பிள்ளையின் ரீச்சர் இரண்டு தரம் தொலைபேசி எடுத்து விளக்க வேண்டியிருந்தது.

இந்தச் சட்ட ஏற்பாட்டுக்கு ஒரு அர்த்தம் இருக்கிறது. யார் முதலாம் பிள்ளை என்று யாரும் இங்கே கேட்பதில்லை. இந்தப் பிள்ளைக்குச் சாதாரண வகுப்பில் சொல்லிக்கொடுக்கும் விதமே போதுமா, வேறு விதமாகச் சொல்லிக்கொடுக்க வேண்டுமா என்றுதான் பார்க்கிறார்கள். அதனால் ரிப்போர்ட் கார்டில் எல்லாம் 'ஏ' எடுக்கும் பிள்ளை தெரிவாகாமல் போகலாம். எழுத்து கோணல், வீட்டுப்பாடம் பாதி, ஆனால் கேள்வி கேட்கத் தொடங்கினால் நிறுத்தாத பிள்ளை தெரிவாகலாம். இரண்டும் நடக்கிறது. இரண்டிலும் யாரும் யாரையும் ஏமாற்றவில்லை.

இன்னொன்று, அதே மூன்றாம் வகுப்பில் வசந்தகாலத்தில் மாகாணம் முழுக்க ஈக்யூஏஓ என்ற வாசிப்பு, எழுத்து, கணக்குச் சோதனையும் நடக்கும். அதற்கும் கிஃப்டட்டுக்கும் தொடர்பில்லை. அதில் ஆக உயர்ந்த நான்காம் நிலை எடுத்தால் கிஃப்டட் கிடைக்கும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

முதல் கட்டம்: வகுப்பறையில் நடக்கும் சோதனை

முன்பெல்லாம் ரீச்சரோ பெற்றோரோ பெயர் கொடுத்தால்தான் பிள்ளையைப் பார்ப்பார்கள். அந்த முறையில் யாருக்குச் சாதகம் என்று சொல்லவே தேவையில்லை: ஆங்கிலத்தில் தயங்காமல் கதைக்கும், முறை தெரிந்த பெற்றோருக்கு. இப்போது ரொறொன்ரோ சபையில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் எல்லோருக்குமே 'சிகாட்' என்ற சோதனை வைக்கிறார்கள். கனடியன் காக்னிட்டிவ் அபிலிட்டீஸ் ரெஸ்ட் என்பதன் சுருக்கம் அது. புதிதாக வந்த எங்களைப் போன்றவர்களுக்கு இது பெரிய நன்மை. நீங்கள் யாரையும் தெரிந்து வைத்திருக்கத் தேவையில்லை. காசும் இல்லை.

சோதனை பற்றிய அறிவிப்பு வரும், கவனமாக இருங்கள். அது மின்னஞ்சலில் வரலாம், அல்லது பிள்ளையின் பையில், மதியச் சாப்பாட்டுப் பெட்டிக்கு அடியில், மடங்கி நசுங்கி வரலாம். மூன்றாம் வகுப்பு ஆண்டு முழுக்க அந்தப் பையைத் தினமும் ஒருதரம் கவிழ்த்துப் பார்ப்பது நல்லது.

சோதனையில் மூன்று பகுதி. ஒன்று சொற்களோடு: மூன்று சொற்கள் ஏதோ ஒரு வகையில் சேர்ந்தவை, நான்காவதாக எது சேரும் என்பது போல. இன்னொன்று எண்களோடு: வரிசையில் அடுத்து என்ன எண் வரும், எந்த எண்ணை வைத்தால் இரண்டு பக்கமும் சமமாகும். மூன்றாவதில் எழுத்தே இல்லை, வடிவங்கள் மட்டும். அதில் ஒரு வகைக் கேள்வி காகித மடிப்பு. ஒரு சதுரத் தாளை நடுவில் மடிக்கிறார்கள், பிறகு இன்னொரு தரம் மடிக்கிறார்கள், ஓரத்தில் ஒரு துளை போடுகிறார்கள். விரித்தால் துளைகள் எங்கே எங்கே இருக்கும்? தாளைத் தொடாமல் மனதுக்குள்ளேயே விரித்துப் பார்க்க வேண்டும். எட்டு வயதுப் பிள்ளைகளில் சிலர் இதைப் பார்த்த உடனே சொல்லுவார்கள். சிலர் விரலைக் காற்றில் மடித்து மடித்துப் பார்ப்பார்கள். பெரியவர்கள் பலருக்கும் இது சிரமம்.

வீட்டில் தமிழ் கதைக்கும் பிள்ளைக்கு, வந்து ஒன்றிரண்டு வருடமே ஆன பிள்ளைக்கு, சொற்பகுதி ஆங்கிலத்தில் இருப்பதால் அடி விழும். வடிவப் பகுதியில் உயரத்தில் இருந்துவிட்டு சொற்பகுதியில் இறங்குவது எங்கள் பிள்ளைகளிடம் சாதாரணமாகக் காண்பது. ஆகவே முடிவு வந்தால் மொத்த எண்ணை மட்டும் பார்க்காதீர்கள். மூன்று பகுதியையும் தனித்தனியாகப் பாருங்கள். இடைவெளி பெரிதாக இருந்தால் ரீச்சரிடம் போய், பிள்ளை எந்த வருடம் வந்தது, அதற்கு முன் எந்த மொழியில் படித்தது, ஆங்கில உதவி வகுப்பில் இருக்கிறதா என்பதைச் சொல்லி, இதைக் கணக்கில் எடுத்தீர்களா என்று கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவு இல்லை. இங்கே பெற்றோர் கேட்பார்கள் என்றே ரீச்சர்மார் எதிர்பார்க்கிறார்கள்.

இதற்காக வீட்டில் தமிழை நிறுத்தச் சொல்லி அறிவுரை வரும். தயவுசெய்து செய்யாதீர்கள். அம்மம்மாவோடு தமிழில் வாதாடும் பிள்ளையின் யோசிக்கும் திறன் எந்த மொழிக்கும் போய்ச் சேரும். ஆங்கிலம் பாடசாலை முற்றத்திலேயே வந்துவிடும், தமிழ் அப்படி வராது.

92 என்று வந்தால்

முடிவுக் கடிதத்தில் இருக்கும் எண்கள் மதிப்பெண்கள் அல்ல, அவை பெர்சென்டைல். 92 என்றால் நூற்றுக்கு 92 சரி என்று பொருள் இல்லை. அதே வயதுப் பிள்ளைகள் நூறு பேரை நிறுத்தினால் அதில் ஏறக்குறைய 92 பேரை விட இந்தப் பிள்ளை மேலே நிற்கிறது என்று பொருள். 50 என்று வந்தால் 'பாஸ் மார்க்' இல்லை, நட்டநடு. 60 என்று பார்த்து ஒரு தகப்பன் பிள்ளையை ஏசியதைக் கேட்டிருக்கிறேன். அந்தப் பிள்ளை சராசரிக்கு மேலே நின்றுகொண்டிருந்தது.

கிஃப்டட்டுக்கு எதிர்பார்ப்பது 98ஆவது பெர்சென்டைலை ஒட்டி. அதாவது நூறு பேரில் மேலே உள்ள இரண்டு பேர். இதை ஒருதரம் ஆறுதலாக யோசித்துப் பார்த்தால் பல வீடுகளில் சண்டை வராது. 92 எடுத்த பிள்ளை மிகவும் கெட்டிக்காரப் பிள்ளை. அது கிஃப்டட் வகுப்புக்குப் போகாது. இரண்டு வசனமும் ஒரே நேரத்தில் உண்மை.

வயதைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒன்ராறியோவில் பிறந்த ஆண்டை வைத்துத்தான் வகுப்பில் போடுவார்கள். ஜனவரியில் பிறந்த பிள்ளையும் அதே ஆண்டு டிசம்பரில் பிறந்த பிள்ளையும் ஒரே மூன்றாம் வகுப்பில் இருக்கும். ஏறக்குறைய ஒரு வருட வித்தியாசம். எட்டு வயதில் அது பெரிய வித்தியாசம். ஆனால் இந்தச் சோதனைகளின் மதிப்பீட்டில் பிள்ளையின் வயதை மாதக் கணக்கில் பார்த்து, அந்த வயதுப் பிள்ளைகளோடுதான் ஒப்பிடுகிறார்கள். கடைசி மாதங்களில் பிறந்த பிள்ளையின் பெற்றோர் இதற்காகக் கவலைப்பட வேண்டியதில்லை. ஊரில் ஒரு வகுப்பு மேலே படித்த பிள்ளையை இங்கே வயதுக்குரிய வகுப்பில் போட்டுவிட்டார்களே என்று குமுறுபவர்களுக்கும் இது ஆறுதலாக இருக்கும்.

இரண்டாம் கட்டம்: உளவியலாளரோடு தனியாக

முதல் கட்டத்தில் உயர்ந்து வந்த பிள்ளைகளை அடுத்ததாகச் சபையின் உளவியல் பிரிவினர் தனித்தனியாகச் சந்திப்பார்கள். இதற்கு உங்கள் எழுத்துமூலச் சம்மதம் கட்டாயம். கையெழுத்து வைத்து அனுப்பாவிட்டால் சோதனை நடக்காது. வேலை மாறி மாறிச் செய்யும் வீடுகளில் அந்தப் படிவம் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் காந்தத்தின் கீழே தொங்கிக்கொண்டிருக்கும்போதே நாள் போய்விடுகிறது.

இங்கே வைப்பது பெரும்பாலும் 'விஸ்க்' என்ற அறிவுத்திறன் சோதனை, ஐந்தாம் பதிப்பு. 6 வயது முதல் 16 வயது வரையான பிள்ளைகளுக்கானது. ஒரு அறை, ஒரு மேசை, ஒரு பெரியவர், ஒரு பிள்ளை. சிவப்பு வெள்ளைக் கட்டைகளை அடுக்கிப் படத்தில் உள்ள வடிவத்தைக் கொண்டுவரச் சொல்லுவார்கள். சொற்களுக்கு அர்த்தம் கேட்பார்கள். எண்களைச் சொல்லி, திருப்பிச் சொல்லச் சொல்லுவார்கள். ஒரு மணித்தியாலம் அல்லது அதற்குக் கொஞ்சம் கூட ஆகும். சராசரி 100 என்ற அளவுகோலில் 130 வந்தால் அது 98ஆவது பெர்சென்டைல்.

வேகத்தையும் நினைவில் வைத்திருப்பதையும் ஒதுக்கிவிட்டு, யோசிக்கும் திறனை மட்டும் எடுத்துக் கணக்கிடும் ஒரு குறியீடும் அந்த அறிக்கையில் உண்டு. மெதுவாக எழுதும், ஆனால் ஆழமாக யோசிக்கும் பிள்ளைகளுக்கு அது நியாயம் செய்கிறது. அறிக்கை கைக்கு வந்ததும் எந்தக் குறியீட்டை வைத்து முடிவெடுத்தீர்கள் என்று கேளுங்கள்.

சோதனைக்கு முன் உளவியலாளர் உங்களோடு கதைப்பார், அல்லது ஒரு கேள்வித்தாள் தருவார். இந்த இடத்தில் எங்கள் ஆட்களின் பழக்கம் ஒன்று பிள்ளைக்கு எதிராக வேலை செய்கிறது. நல்லதை மட்டும் சொல்லுவோம். பிள்ளை ஐந்து நிமிடம் ஓரிடத்தில் இருக்காது, எழுதச் சொன்னால் அழும், எழுத்துக்களை மாற்றி வாசிக்கும் என்பதை மறைத்துவிடுவோம், தெரிந்தால் எடுக்கமாட்டார்கள் என்று. உண்மை நேர் எதிர். மிகுந்த திறமையும் கற்றல் குறைபாடும், அல்லது கவனக் குறைபாடும், ஒரே பிள்ளையில் இருக்கலாம். சட்டமே ஒன்றுக்கு மேற்பட்ட பிரிவில் ஒரு பிள்ளையை அடையாளம் காண இடம் கொடுக்கிறது. மறைத்தால் அந்தப் பிள்ளைக்குக் கிடைக்க வேண்டிய உதவியும் சேர்ந்து மறைந்துவிடும். போர்ச் சூழலிலிருந்தோ, முகாமிலிருந்தோ, பல நாடுகள் மாறியோ வந்த பிள்ளை, இடையில் படிப்பு விட்டுப்போன பிள்ளை என்றால் அதையும் சொல்லுங்கள். உளவியலாளர் அதைக் குறையாக எழுத மாட்டார். எண்களைப் படிக்க அவருக்கு அது தேவை.

ரியூஷன் பற்றி

மார்க்கம் வீதியிலும் ஸ்காபரோவின் பிளாசாக்களிலும் 'கிஃப்டட் பயிற்சி' என்று பலகை வைத்திருக்கும் இடங்கள் உண்டு. என் அபிப்பிராயத்தை ஒளிக்காமல் சொல்கிறேன்: அனுப்பாதீர்கள். உளவியலாளர் வைக்கும் சோதனைகளின் மதிப்பே பிள்ளை அந்தக் கேள்விகளை முன்பு பார்த்ததில்லை என்பதில்தான் இருக்கிறது. முன்பே பழகிய பிள்ளையின் எண் அந்தப் பிள்ளையைப் பற்றி எதையும் சொல்லாது. அப்படியே உள்ளே போய்விட்டாலும், தன் வேகத்துக்குப் பொருந்தாத வகுப்பில் தினமும் ஆறரை மணித்தியாலம் இருக்கப்போவது பிள்ளைதான், நாங்கள் இல்லை. ஒன்பது வயதில் "நான் முட்டாள்" என்று ஒரு கெட்டிக்காரப் பிள்ளை முடிவெடுப்பதைப் பார்ப்பது மிகவும் வேதனையானது.

பயம் போக, கேள்வியின் மாதிரி எப்படி இருக்கும் என்று ஒருதரம் காட்டுவதில் தவறில்லை. அதற்கு வீட்டில் ஒரு தாளும் கத்தரிக்கோலும் போதும். முதல் நாள் நேரத்துக்குத் தூங்க வையுங்கள், காலையில் சாப்பிடக் கொடுங்கள், "இன்றைக்குப் பெரிய எக்ஸாம்" என்று சொல்லாதீர்கள். மிச்ச நேரத்துக்கு நூலகம் இருக்கிறது. ரொறொன்ரோ பொது நூலக அட்டை இலவசம், தமிழ்ப் புத்தகங்களும் கிளைகளில் உண்டு.

ஐபிஆர்சி: நீங்கள் கட்டாயம் போக வேண்டிய கூட்டம்

சோதனை முடிந்து எண் உயர்ந்து வந்தால் மட்டும் பிள்ளை கிஃப்டட் ஆகிவிடாது. அடையாளம் காண்பதும் எந்த வகுப்பு என்று தீர்மானிப்பதும் 'ஐபிஆர்சி' என்ற குழுவின் வேலை. மாகாணத்தின் 181/98 ஒழுங்குவிதி இதை நடத்தும் முறையைச் சொல்கிறது. குழுவில் குறைந்தது மூன்று பேர் இருக்க வேண்டும், அவர்களில் ஒருவர் அதிபராகவோ சபையின் மேற்பார்வை அதிகாரியாகவோ இருக்க வேண்டும். கூட்டத்துக்குக் குறைந்தது பத்து நாள் முன்பே உங்களுக்கு எழுத்தில் அறிவிக்க வேண்டும். கூட்டத்தில் இருக்கவும், கதைக்கவும், உங்களுக்காகக் கதைக்க ஒருவரைக் கூட்டிக்கொண்டு போகவும் உங்களுக்கு உரிமை உண்டு. குழு பார்க்கும் எந்தத் தாளின் பிரதியையும் கேட்டு வாங்கலாம். தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்றால் அறிவிப்பு வந்த அன்றே பாடசாலைக்குச் சொல்லுங்கள். மூத்த மகனையோ மகளையோ மொழிபெயர்க்க இருத்தாதீர்கள், தம்பியின் எண்ணைப் பற்றிய கூட்டத்தில் அது இரண்டு பிள்ளைகளுக்கும் நல்லதில்லை.

கூட்டம் எப்படி இருக்கும் என்று தெரிந்தால் பயம் பாதி போய்விடும். சின்ன அறை. மேசையைச் சுற்றி நான்கைந்து பேர், அவர்கள் முன்னால் ஒரே மாதிரியான தாள்கள். ஒவ்வொருவராகப் பெயரும் பதவியும் சொல்லுவார்கள். ஒருவர் அறிக்கையிலிருந்து பிள்ளையின் பலங்களை வாசிப்பார், அடுத்து தேவைகளை. "நீங்கள் ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா?" என்று உங்கள் பக்கம் திரும்புவார்கள். நன்றி சொல்லிவிட்டுப் பேசாமல் இருப்பதுதான் எங்கள் வழக்கம். அங்கே கொஞ்சம் நில்லுங்கள். வீட்டில் பிள்ளை எப்படி என்று இரண்டு வசனம் சொல்லுங்கள்: எதில் மணிக்கணக்காக மூழ்குகிறது, எதில் உடனே சலித்துப்போகிறது, எதைச் சொன்னால் அழுகிறது. முழுக் கூட்டமும் கால் மணித்தியாலத்தில் முடிந்துவிடலாம். முடிவில் ஒரு தாளை நீட்டி இங்கே கையெழுத்து என்பார்கள்.

அங்கேயே வைக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. "வீட்டுக்குக் கொண்டுபோய் வாசித்துவிட்டுத் தருகிறேன்" என்று சொல்லலாம், யாரும் கோபிக்க மாட்டார்கள். ஆனால் கொண்டுபோய் மேசையில் போட்டுவிட்டு மறக்கவும் கூடாது. முடிவு உடன்பாடில்லை என்றால், அது கைக்கு வந்து 15 நாளுக்குள் அதே குழுவை இன்னொரு தரம் சந்திக்கக் கேட்கலாம். 30 நாளுக்குள் சபைக்கு எழுத்தில் மேன்முறையீடு அனுப்பலாம். மேன்முறையீட்டுக் குழுவில் ஒருவரைத் தெரிவு செய்யும் உரிமை உங்களுக்கு இருக்கிறது. அதற்கும் மேலே மாகாணத் தீர்ப்பாயம் இருக்கிறது. கையெழுத்தும் வைக்காமல் மேன்முறையீடும் செய்யாமல் கெடு கடந்தால், குழு எடுத்த முடிவையே சபை நடைமுறைப்படுத்தலாம்.

பிள்ளை கிஃப்டட் என்று அடையாளம் காணப்பட்டாலும் தனி வகுப்புக்குத்தான் போக வேண்டும் என்றில்லை. தனி வகுப்பைப் பற்றி யோசிக்கும் முன், சாதாரண வகுப்பிலேயே தகுந்த உதவியோடு பிள்ளையின் தேவை நிறைவேறுமா, பெற்றோர் அதை விரும்புகிறார்களா என்று குழு பார்க்க வேண்டும் என்கிறது ஒழுங்குவிதி. எந்த வகுப்பில் போட்டாலும், அது தொடங்கி 30 பாடசாலை நாட்களுக்குள் 'ஐஈபி' என்ற தனிக் கல்வித் திட்டத்தை எழுத வேண்டும், எழுதும்போது உங்களைக் கேட்க வேண்டும், பிரதி தர வேண்டும். பெயருக்கு "மேலதிக வேலை கொடுக்கப்படும்" என்று மட்டும் எழுதியிருந்தால் ஏற்காதீர்கள். மற்றவர்கள் பத்துக் கணக்குச் செய்யும்போது இருபது செய்ய வைப்பது கிஃப்டட் கல்வி இல்லை. எந்தப் பாடத்தில், என்ன மாற்றம், எப்படித் தெரியும் என்று கேளுங்கள்.

இடம் கிடைத்தால் உடனே 'ஓம்' சொல்ல வேண்டுமா

ரொறொன்ரோ சபையில் தனி வகுப்பு நான்காம் வகுப்பிலிருந்து. அது எல்லாப் பாடசாலையிலும் இல்லை. சில பாடசாலைகளில் மட்டும், அந்த வட்டாரப் பிள்ளைகளைச் சேர்த்து நடத்துகிறார்கள். ஆகவே பெரும்பாலான பிள்ளைகள் பாடசாலை மாற வேண்டும். இரண்டு வருடம் முன்புதான் நாடு மாறி, இப்போதுதான் ஒரு சிநேகிதியைப் பிடித்திருக்கும் பிள்ளைக்கு இது சின்ன விஷயம் இல்லை. போய்ப் பாருங்கள். பாடசாலை திறந்து காட்டும் நாளில் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போங்கள். பேருந்து கிடைக்குமா, எந்தச் சந்தியில் ஏற்றுவார்கள், எத்தனை மணிக்கு என்று எழுத்தில் கேளுங்கள். ஜனவரிக் காலையில் இருட்டில் பனிக்குள் நிற்கப்போகும் பிள்ளைக்கு ஒன்பது வயது. தம்பி தங்கை பழைய பாடசாலையில் இருந்தால் இரண்டு இடத்துக்கும் யார் ஓடுவது என்பதையும் இப்போதே கதைத்து முடித்துவிடுங்கள்.

பிள்ளை பாடங்களைப் பிரெஞ்சு மொழியில் படிக்கும் பிரெஞ்சு இம்மர்ஷனில் இருந்தால் பெரும்பாலும் இரண்டில் ஒன்றைத்தான் எடுக்க முடியும். இம்மர்ஷனை விட்டு வந்தால் திரும்பப் போவது கடினம். அவசரப்பட வேண்டாம்.

வகுப்பில் என்ன நடக்கும்? பாடத்திட்டம் அதே ஒன்ராறியோ பாடத்திட்டம். அடுத்த வகுப்புக் கணக்கை முன்கூட்டியே முடிப்பது நோக்கம் இல்லை. ஒரு விஷயத்தை அகலமாகவும் ஆழமாகவும் பார்ப்பார்கள், விவாதம் அதிகம், சொந்தமாக ஆராய்ந்து எழுதும் வேலையும் அதிகம். ரிப்போர்ட் கார்டு புள்ளிகள் முதல் வருடம் குறையலாம். இதுவரை முயற்சியே இல்லாமல் முதலாவதாக வந்த பிள்ளை முதல் தரம் தடுக்கி விழுவது இங்கேதான், அப்போது வீட்டில் ஏச்சு விழக்கூடாது. பல்கலைக்கழக அனுமதிக்கு இதனால் தனிச் சலுகை இருக்கிறது என்பதும் கட்டுக்கதை. அங்கே பார்ப்பது பன்னிரண்டாம் வகுப்பின் ஆறு பாடப் புள்ளிகளை. ஐபி என்ற சர்வதேசப் பாடத்திட்டம், கணித விஞ்ஞானச் சிறப்புத் திட்டங்கள், கலைப் பாடசாலைகள் எல்லாம் உயர்நிலையில் வேறு விண்ணப்பம், வேறு கதவு. கிஃப்டட்டில் இல்லாத பிள்ளைகளும் அவற்றுக்கு விண்ணப்பிக்கலாம்.

பொருந்தவில்லை என்றால் திரும்பி வரலாம். வகுப்பில் சேர்ந்து மூன்று மாதம் கழிந்த பின் மீளாய்வுக் கூட்டம் கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. ஆண்டுக்கொரு தரம் மீளாய்வு எப்படியும் நடக்கும், வேண்டாம் என்று நீங்களே எழுதிக் கொடுத்தால் ஒழிய.

மூன்றாம் வகுப்பு தாண்டி வந்தவர்கள்

ஐந்தாம் ஆறாம் வகுப்பு வயதில் பிள்ளையோடு வந்து இறங்கியவர்கள், சோதனையைத் தவற விட்டுவிட்டோம் என்று நினைக்க வேண்டாம். முதலில் வகுப்பு ரீச்சரோடு கதையுங்கள். பாடசாலைக்குள்ளேயே ஒரு ஆதரவுக் குழு இருக்கும், பிள்ளையை அங்கே கொண்டுபோகச் சொல்லுங்கள். வந்த உடனே சோதிக்கச் சொல்லி நெருக்காமல், ஆங்கிலம் கொஞ்சம் காலூன்றிய பின் கேட்பது பிள்ளைக்கு நல்லது. கேட்டும் அசையவில்லை என்றால் அதிபருக்கு எழுத்தில் ஐபிஆர்சி கேளுங்கள். பெற்றோர் எழுத்தில் கேட்டால் அதிபர் குழுவுக்கு அனுப்பியே ஆக வேண்டும், கூட்டம் ஏறக்குறைய எப்போது என்று 15 நாளுக்குள் பதில் தர வேண்டும். மூன்று வரி மின்னஞ்சல் போதும்: பிள்ளையின் பெயரும் வகுப்பும், ஐபிஆர்சி கேட்கிறேன் என்பது, தேதி. வாசலில் நின்று வாயால் கேட்டது கணக்கில் வராது. குழுவுக்குப் போனாலும் காட்ட மதிப்பீடு ஒன்று வேண்டும் என்பதால் அதே மின்னஞ்சலில் உளவியல் மதிப்பீட்டையும் கேளுங்கள்.

வெளியே தனியார் உளவியலாளரிடம் சோதித்துக் கொண்டுபோகும் வழியும் உண்டு. சில ஆயிரம் டொலர் ஆகும். வேலையிடக் காப்புறுதியில் உளவியலாளர் செலவுக்கு ஏதாவது இருக்கிறதா என்று முதலில் பாருங்கள், அவர் ஒன்ராறியோவில் பதிவு பெற்றவரா என்றும் பாருங்கள். பணம் கட்டும் முன் சபையிடம், வெளி அறிக்கையை ஏற்பீர்களா, எந்தச் சோதனை, எவ்வளவு அண்மையில் எடுத்தது என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள். கடன் வாங்கி இதைச் செய்ய வேண்டாம் என்பது என் கருத்து. அந்தக் காசு ஒரு வருட நீச்சல், இசை, கோடை முகாம்.

உதவிக்கு ஆட்கள் இருக்கிறார்கள். பல பாடசாலைகளில் புதிதாக வந்த குடும்பங்களுக்கான குடியேற்ற உத்தியோகத்தர் ஒருவர் வாரத்தில் சில நாள் இருப்பார், ஸ்காபரோப் பக்கம் தமிழ் தெரிந்தவர்களும் உண்டு. ஒவ்வொரு சபையிலும் சிறப்புக் கல்வி ஆலோசனைக் குழு இருக்கிறது, அதன் கூட்டங்களுக்கு யாரும் போய் உட்காரலாம். அசோசியேஷன் ஃபார் பிரைட் சில்ட்ரன் என்ற பெற்றோர் அமைப்பு இந்த விஷயத்துக்கென்றே ஒன்ராறியோவில் இயங்குகிறது.

கடைசியாக, வீடு மாறும் யோசனை உள்ளவர்களுக்கு. ஸ்காபரோவில் தொடங்கி ஏஜாக்ஸ், பிக்கரிங், மார்க்கம் என்று நகர்வது எங்கள் ஆட்களின் வழக்கம். ஒரு தெரு தாண்டினால் சபை மாறிவிடும். பிள்ளையின் கோப்பு பின்னால் வரும், ஆனால் புதிய சபை தன் விதிப்படி மறுபடி பார்க்கும், அதே மாதிரி வகுப்பு அங்கே அதே ஆண்டில் இருக்கும் என்ற உத்தரவாதம் இல்லை. ஆகவே சோதனை அறிக்கை, ஐபிஆர்சி முடிவு, கடைசி ஐஈபி மூன்றின் பிரதியையும் வீட்டில் ஒரு கோப்பில் வைத்திருங்கள். புது வீட்டுக்கு முற்பணம் கட்டும் முன் அந்தப் பக்கத்துச் சபையின் சிறப்புக் கல்விப் பிரிவுக்குத் தொலைபேசி எடுத்து, இந்த வகுப்புப் பிள்ளைக்கு எந்தப் பாடசாலையில் என்ன இருக்கிறது, செப்டெம்பருக்கு இடம் இருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள்.